சம்பளம் இல்லை, ஆனாலும் ஆள் உண்டு

டெபியன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் உபுண்டு போட்ட கணினியோ, பிள்ளைகள் செய்முறைக்கு வாங்கிய ராஸ்பெர்ரி பை பலகையோ இருந்தால், அதில் ஓடுவதில் பெரும்பகுதி டெபியனிலிருந்து வந்ததுதான். அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதன் மேல் கட்டியதே.

டெபியன் ஓர் இயங்குதளம் (விண்டோஸ் போல, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்). 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் இதைத் தொடங்கினார். 1996-லேயே பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு விலகினார். 2015-இல் காலமானார். டெபியனோ நிற்கவில்லை. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது.

யார் இதைச் செய்கிறார்கள்? உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் உறுப்பினர்கள், அவர்களைச் சுற்றி இன்னும் பலர். டெபியன் இவர்களில் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

சும்மாவா செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமே இதற்கு நேரம் கொடுக்கிறது. பலர் தமக்கு வேண்டிய மென்பொருள் ஒழுங்காக ஓட வேண்டும் என்று வந்தவர்கள். வந்தபின் ஒட்டிக்கொண்டார்கள்.

சரி, வேலை செய்யாவிட்டால் யார் கேட்பது? யாரும் கேட்க முடியாது. டெபியனுக்கு 1998-இலிருந்து எழுதப்பட்ட ஓர் அமைப்புச் சட்டம் இருக்கிறது. யாரும் எந்த வேலையையும் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, விதிகளுக்கும் அவற்றின்படி எடுத்த முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யாமல் இருந்தால் போதும் என்கிறது அது. தலைவர் ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் வருகிறார். வாக்குச்சீட்டில் நம் நோட்டா மாதிரி 'மேற்கண்ட எவரும் வேண்டாம்' என்ற வரியும் உண்டு. நம் நோட்டாவுக்கு இல்லாத பல் இதற்கு உண்டு: அந்த வரியை வெல்ல முடியாதவர் தலைவராக முடியாது. 2019-இல் தலைவர் பதவிக்குக் குறித்த நாளுக்குள் ஒருவர்கூட முன்வராமல், கெடுவை ஒரு வாரம் நீட்டித்தார்கள். அதிகாரம் இல்லாத பதவிக்கு அடிதடி இருக்காதுதானே.

அப்படியானால் இது முப்பது ஆண்டு தாக்குப்பிடித்தது எப்படி? புதியவர்களை வரவேற்பது ஒரு காரணம். என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம், போகிறவர்களுக்கு வழி வைத்திருப்பது.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி (உடனே நிறுவும்படி கட்டிவைத்த பொட்டலம்). இப்படிப் பல்லாயிரம் பொதிகள். ஒவ்வொன்றின் மேலும் அதைப் பராமரிப்பவரின் பெயர், அல்லது ஒரு குழுவின் பெயர் இருக்கும். குழந்தை பிறந்தது, வேலை மாறியது, அலுத்துவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் அவரால் முடியவில்லை என்று வையுங்கள். பொதுவான பிழைப்பட்டியலில் ஒரு குறிப்பு எழுதுகிறார். உதவிக்கு ஆள் வேண்டும், எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும், அநாதையாக விடுகிறேன் என்று மூன்று படிகளில் எதை வேண்டுமானாலும் அவர் சொல்லலாம். 'அநாதை' என்பது அவர்களே புழங்கும் சொல். வேறொருவர் பார்த்து, நான் தத்தெடுக்கிறேன் என்று அதன் கீழேயே எழுதுவார். விலகுவது அங்கே குற்றமல்ல, ஒரு படிவம் அவ்வளவுதான்.

சொல்லாமல் காணாமல் போகிறவர்கள்? அவர்களைத் தேடவும் தனிக் குழு உண்டு. முதலில் நலம் விசாரித்து மடல் போகும். பதில் இல்லையென்றால் மறுபடியும் போகும். கடைசிவரை பதில் வராவிட்டால் அவர் பொதிகள் அநாதைப் பட்டியலுக்குப் போய்விடும். அவசரப் பிழை என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்னொரு உறுப்பினரே திருத்தி ஏற்றலாம்.

பணம் கொடுத்தால் சுலபமாகாதா? 2006-இல் அதையும் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் வரவேண்டிய பதிப்பு தள்ளிப்போகாமல் இருக்க, வெளியீட்டைக் கவனித்த இருவருக்கு மட்டும் தனியாகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குள் பெரும் மனக்கசப்பு. பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது. இப்போது நன்கொடைப் பணம் பயணச் செலவுக்கும் கருவிகளுக்கும்தான் பெரும்பாலும் போகிறது. ஆண்டுக்கொரு முறை நேரில் கூடுகிறார்கள், 2023-இல் கொச்சியில் கூடினார்கள். அங்கே ஒருவர் பாஸ்போர்ட்டை இன்னொருவர் சரிபார்த்து, நாற்பது எழுத்து நீளமுள்ள அடையாளக் குறியை ஒப்பிட்டுக் கையொப்பமிடுவது வழக்கம். திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரிந்தால்தான் அவர் ஏற்றும் பொதியை நம்பலாம்.

இதனால் உங்களுக்கென்ன? நிறைய இருக்கிறது. பொறுப்பைக் கைமாற்ற இப்படி ஒழுங்கான வழி இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. டெபியன் போன்ற லினக்ஸ் கணினிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். பல ஆண்டுகள் அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். களைத்துப்போன அவரை முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள். உதவ வந்த ஒருவர் மெல்ல மெல்லப் பொறுப்பைப் பெற்று, 2024-இல் அதற்குள் கள்ளக்கதவு (திருட்டுத்தனமாக நுழைய வைக்கும் ஓட்டை) வைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் மார்ச் 29 அன்று அதை ஊருக்குச் சொன்னார். டெபியனின் சோதனைப் பதிப்புக்குள் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குள் வரவில்லை.

ஆகவே கடைக்கோ பள்ளிக்கோ ஓர் இலவச மென்பொருளை எடுக்கும்முன் சிலவற்றைப் பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கைவைத்திருக்கிறார்கள்? ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? பிழை சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா? ஒரே ஆள் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. கணக்கு வழக்கு முழுவதையும் அதில் ஏற்றும்முன் தரவை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபியனுக்கு உதவ ஆசைதான், ஆனால் நிரல் எழுதத் தெரியாதே என்கிறீர்களா? மொழிபெயர்ப்பவர், ஆவணம் எழுதுபவர், வடிவமைப்பாளர் ஆகியோரும் முழு உறுப்பினராகலாம் என்று 2010-லேயே வாக்கெடுத்து முடிவு செய்துவிட்டார்கள். உறுப்பினர் ஆகாமலும் வேலை செய்யலாம். நீங்கள் செய்ததை ஓர் உறுப்பினர் சரிபார்த்து ஏற்றுவார்.

உங்களிடம் டெபியன் கணினி இருந்தால் 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்ற சிறு கருவியை நிறுவிப் பாருங்கள். உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் மென்பொருள்களில் எவை அநாதையாகக் கிடக்கின்றன என்று அது பட்டியல் போட்டுக் காட்டும்.