அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பார்க்க: தனி வழிகாட்டியா, சிறு குழுவா?

கம்போடியாவின் சியெம் ரீப் நகரத்தை ஒட்டி, சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அங்கோர் தொல்லியல் பூங்கா. 9-ம் நூற்றாண்டிலிருந்து 15-ம் நூற்றாண்டு வரை கெமர் அரசர்கள் அடுத்தடுத்துத் தலைநகரங்களை அமைத்த நிலம் இது. 1992-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பல கோயில்கள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்கு நடுவே இருப்பதால், வண்டி இல்லாமல் பார்ப்பது கடினம். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பார்த்தும் பயன் குறைவு. ஆகவே இங்கே வருகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: வழிகாட்டியைத் தங்களுக்கென்று தனியாக அமர்த்திக்கொள்வதா, அல்லது பிறரோடு சிறு குழுவில் சேர்ந்துகொள்வதா?

தனிச் சுற்றுலா என்றால் வழிகாட்டியும் வண்டியும் அந்த நாள் முழுக்க ஒரே குடும்பத்துக்கோ ஒரே நண்பர் கூட்டத்துக்கோ உரியவை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தக் கோயிலில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். சிறு குழு என்றால் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் போவார்கள். போகும் இடங்களும் நேரமும் முன்பே வகுக்கப்பட்டவை. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. டுக்டுக் மட்டும் பேசிக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் சுற்றுவது. பலர் டுக்டுக் ஓட்டுநரே உள்ளே வந்து எல்லாவற்றையும் சொல்வார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கம்போடியாவில் வழிகாட்டியாக இருக்க அரசின் சுற்றுலா அமைச்சகம் தரும் உரிமம் வேண்டும். ஓட்டுநர் கோயில் வாசலோடு நின்றுவிடுவார்.

நுழைவுக் கட்டணம் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். வெளிநாட்டவருக்கு ஒரு நாள் அனுமதிச்சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். சீட்டில் வாங்கியவரின் புகைப்படம் இருக்கும் என்பதால் மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். சுற்றுலா நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் விலையில் பெரும்பாலும் இந்தச் சீட்டு சேர்ந்திருக்காது. விலைகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குழுச் சுற்றுலா மலிவு, தனிச் சுற்றுலா ஆடம்பரம் என்ற எண்ணம் பாதிதான் சரி. குழுவில் கட்டணம் தலைக்கு இவ்வளவு. தனி ஏற்பாட்டில் வழிகாட்டிக்கும் வண்டிக்கும் நாளுக்கு இவ்வளவு. கணக்குப் புரிவதற்காகக் குழுவில் தலைக்கு 20 டாலர் என்றும், தனி ஏற்பாட்டுக்கு நாளொன்றுக்கு 80 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், ஒருவர் மட்டும் போகையில் தனி ஏற்பாடு நான்கு மடங்கு செலவு. நான்கு பேர் போகையில் இரண்டும் சமம். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் தனி ஏற்பாடே மலிவு. பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி என்று கூடிப் போகும் குடும்பம் குழுவில் சேர்வதால் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. தனியாகப் பயணம் செய்கிறவருக்கோ வித்தியாசம் பெரிது.

ஆனால் பணத்தை வைத்து மட்டும் முடிவெடுத்தால் தமிழ்ப் பயணி ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிடுவார். இந்தக் கோயில்களின் கதைகளில் பெரும்பகுதி அவர் சின்ன வயதிலேயே கேட்டவை.

அங்கோர் வாட் 12-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில். அதன் வெளிச்சுற்று மண்டபத்தில் நான்கு பக்கமும் சுவர் நெடுகப் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேற்குப் பக்கத்தின் தென்பாதியில் குருட்சேத்திரப் போர். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைக் காணலாம். அதே பக்கத்தின் வடபாதியில் இலங்கைப் போர். பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் தேரில் நிற்கிறான். எதிரே அனுமனின் தோள்மேல் நின்று வில்லை வளைக்கிறான் இராமன். பின்னால் இலக்குவனும் வீடணனும். சுற்றிலும் அரக்கரைக் கடிக்கும், பிறாண்டும், இழுத்துத் தள்ளும் வானரக் கூட்டம். கிழக்குப் பக்கத்தின் தென்பாதியில் பாற்கடல் கடைதல், ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு. 92 அசுரரும் 88 தேவரும் வாசுகியைப் பிடித்து இழுக்க, நடுவில் திருமால் நின்று கடைதலை நடத்துகிறார். மேலே அரம்பையர் ஆடுகிறார்கள். கீழே கடலுக்குள் மீன்களும் முதலைகளும். ஓரங்களில் அவை அமைதியாக நீந்துகின்றன; மத்தை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கித் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. சிற்பி அந்தச் சிறு மீன்களுக்குக் கொடுத்திருக்கும் கவனத்தைக் குனிந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

ஒரு கலப்புக் குழுவை இந்தச் சுவருக்கு முன் நிறுத்தும் வழிகாட்டி எங்கிருந்து தொடங்க வேண்டும்? இராமன் யார், அனுமன் ஏன் குரங்கு வடிவில் இருக்கிறான், அமுதம் எதற்கு என்பதிலிருந்துதான். அந்தக் கதைகளைக் கேட்டே இராத பயணிகளுக்கு அது நியாயமான தொடக்கம். ஆனால் ஒதுக்கிய நேரம் அறிமுகத்திலேயே கரைந்துவிடும். தமிழ்ப் பயணிக்குத் தெரிந்ததையே திரும்பக் கேட்டு முடிக்கும்போது, வேன் கிளம்பும் நேரம் வந்திருக்கும். தனி வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே ‘கதை எங்களுக்குத் தெரியும், கெமர் சிற்பிகள் எதை மாற்றினார்கள் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடலாம். அப்போது பேச்சு வேறு தளத்துக்குப் போகும். கம்போடியர்களின் இராமாயணமான ரீம்கேர் எங்கே விலகுகிறது, போர்வீரர்களின் தலைக்கவசம் ஏன் அப்படி, தெற்குச் சுவரில் சூரியவர்மனே யானைமேல் படை நடுவே வருவது எதைக் காட்டுகிறது என்பவை அந்த மண்ணில் பிறந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள். அங்கோர் வாட்டைப் பொறுத்தவரை, தமிழ்ப் பயணிக்குத் தனி வழிகாட்டி கொடுத்த காசுக்கு மேல் பயன் தருவார் என்று தயங்காமல் சொல்லலாம்.

வெளிச்சமும் இதில் ஒரு காரணம். மண்டபத்தின் வெளிப்பக்கம் தூண்கள் மட்டும் நின்று திறந்திருப்பதால், கிழக்குச் சுவருக்குக் காலையிலும் மேற்குச் சுவருக்குப் பிற்பகலிலும் நல்ல ஒளி விழும். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். சூரிய உதயம் பார்க்க அதிகாலை 5 மணி முதலே உள்ளே விடுகிறார்கள். தாமரைக் குளத்தருகே கூடும் பெருங்கூட்டம் சூரியன் மேலே வந்ததும் காலை உணவுக்குக் கலைந்துவிடும். குழுச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் அதே ஒழுங்கில்தான் நகர்கின்றன. அந்த நேரத்தில் கிழக்கு மண்டபத்துக்கு நேராகப் போகிறவர் பாற்கடலை நெரிசல் இல்லாமல், நல்ல ஒளியில் பார்க்கலாம். இப்படி வரிசையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் தனி ஏற்பாட்டில் மட்டுமே கிடைக்கும்.

அங்கோர் தோம் வேறு மாதிரி. 12-ம் நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜெயவர்மன் அமைத்த மதில் சூழ்ந்த நகரம் அது. அதன் நடுவே இருக்கும் பயோன் பௌத்தக் கோயில். கோபுரங்களின் நான்கு திசையிலும் புன்னகைக்கும் பெருமுகங்கள். அதன் வெளிச்சுவரில் புராணம் குறைவு, அன்றாட வாழ்க்கை அதிகம். சேவல் சண்டை, மீன் விற்கும் சந்தை, பிள்ளை பெறும் பெண், சாம் நாட்டுப் படையோடு நடந்த படகுப் போர். இங்கே தமிழரும் பிரெஞ்சுக்காரரும் கொரியரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். எல்லாருக்குமே இது புதிது. 1296-97-ல் இங்கே வந்து தங்கிய சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சூ தாகுவான் எழுதிவைத்த குறிப்புகளோடு இணைத்து இந்தச் சிற்பங்களை விளக்கும் ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தால் குழுவே போதும். மற்றவர் கேட்கும் கேள்விகள்கூட இங்கே பயன் தரும். பயோன், யானை மேடை, பிறகு மரவேர்கள் சுவரை விழுங்கி நிற்கும் தா புரோம் என்று குழு வேன்கள் போகும் பாதை, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வகுத்த ‘சிறு சுற்று’. சுமார் 17 கிலோமீட்டர். முதல் நாள் இடத்தின் பரப்பும் கால வரிசையும் மனதில் பதிய இது நல்ல பாதை. தா புரோமைச் சீரமைத்ததில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு.

முதன்மைக் கோயில்களிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாந்தே ஸ்ரேவுக்குக் குழுவில் போனால் ஒரு சிற்பத்தைத் தவறவிட நேரும். கி.பி. 967-ல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் இது. அரசன் கட்டியதல்ல, அரச குருவான யக்ஞவராகர் கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரவேலை போன்ற நுணுக்கம். கைலாயத்தை அசைக்கும் இராவணன், வாலி சுக்ரீவன் சண்டை ஆகியவற்றை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். கிழக்கு வாயில் ஒன்றின் முகப்பில் பல கைகளோடு ஆடும் சிவன் இருக்கிறார். அவர் காலடியில் ஒரு பக்கமாக, வற்றிய மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். காவிரிக் கரையின் அம்மையார் பத்தாம் நூற்றாண்டில் கெமர் நாட்டுக் கல்லில் அமர்ந்திருப்பது தமிழருக்குச் சாதாரணச் செய்தியல்ல. கலப்புக் குழுவின் வழிகாட்டி அதற்காக நிற்க மாட்டார். நிற்கச் சொல்வதும் மற்றவருக்கு நியாயமாக இராது. தனி வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் தேடிக் காட்டுவார்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கான பாக்கனுக்கு ஏறும் படி செங்குத்தானது. ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் விடுவதில்லை என்பதால் வரிசை நீளும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். பௌத்தப் புனித நாட்களில் அந்த அடுக்கு மூடியே இருக்கும். குழுவில் போனால் ஏற முடியாத பாட்டி கீழே ஒரு மணி நேரம் தனியே உட்கார வேண்டும். அல்லது ஏற விரும்புகிற பேரன் நேரமில்லாமல் விட்டுவிட வேண்டும். மொழிச் சிக்கலும் உண்டு. குழுக்களில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மகனோ மகளோ மொழிபெயர்த்துச் சொல்ல இடைவெளி தேவை. தனி வழிகாட்டி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். குழுவில் முணுமுணுத்து மொழிபெயர்த்தால் அடுத்தவருக்கு இடைஞ்சல். ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தில் நண்பகலில் விடுதிக்குத் திரும்பிக் கொஞ்சம் படுத்துவிட்டு மாலையில் மறுபடி வருவதும் தனி ஏற்பாட்டில்தான் சாத்தியம்.

தனியாக வருகிற இளைஞருக்கு இந்த வாதங்களில் பல பொருந்தாது. அவருக்குக் குழு நல்ல துணை. படம் எடுத்துத் தர ஆள் இருக்கும், சாப்பிடும்போது பேச்சு இருக்கும், செலவும் குறையும். குழுவின் அளவை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் வரை இருந்தால் குறுகிய மண்டபங்களில் எல்லாரும் சிற்பத்தைப் பார்க்கவும் சொல்வதைக் கேட்கவும் முடியும். பதினைந்தைத் தொட்டால் பின்வரிசைக்காரர் முன்னால் நிற்பவரின் முதுகுப்பையைத்தான் பார்ப்பார். ‘சிறு குழு’ என்பதற்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது; ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறது. விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் நேரமும் அந்த நாளின் கணக்கில்தான் கழியும்.

எந்த ஏற்பாடானாலும் வழிகாட்டியின் தரம்தான் முதன்மை. மோசமான தனி வழிகாட்டியோடு எட்டு மணி நேரம் நடப்பது நல்ல குழுவில் போவதைவிடக் கடினம். பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது: வழிகாட்டிக்கு உரிமம் உண்டா, எந்த மொழியில், குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், கடைகளில் நிறுத்துவார்களா, பாக்கன் மூடிய நாளாக இருந்தால் மாற்று என்ன. பட்டு, மணிக்கல் கடைகளில் வண்டி நின்றால் கோயிலுக்குரிய நேரம் குறையும். தனி ஏற்பாட்டில் வேண்டாம் என்று மறுக்கலாம், குழுவில் மற்றவர்களோடு காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்று நாள் சீட்டு வாங்குகிறவர்கள் இரண்டையும் கலந்துகொள்ளலாம். முதல் நாள் சிறு குழுவோடு அங்கோர் தோமும் தா புரோமும். இரண்டாம் நாள் தனி வழிகாட்டியோடு அங்கோர் வாட் மண்டபங்களை நிதானமாகச் சுற்றி, பிற்பகலில் பாந்தே ஸ்ரே. இலங்கைப் போர்ச் சுவரை நல்ல ஒளியில் பார்க்க விரும்பினால் பாந்தே ஸ்ரேவைக் காலையில் முடித்து, அங்கோர் வாட்டைப் பிற்பகலுக்கு வைக்கலாம். மூன்றாம் நாள் ஒரு டுக்டுக் மட்டும் அமர்த்தி, பிரெஞ்சுக்காரர் வகுத்த 26 கிலோமீட்டர் ‘பெருஞ்சுற்றில்’ உள்ள பிரேயா கான், நேயாக் பேயான், தா சோம், பிரே ரூப் ஆகிய கோயில்களை வழிகாட்டி இல்லாமலே பார்த்து வரலாம். முதல் இரண்டு நாளில் கற்றுக்கொண்டது அதற்குப் போதும்.