மலையேறும் போராட்டம்



எங்கள் பங்கின் மாலை வகுப்பில் ஒரு மாணவன், 'அப்ஹில் ஸ்ட்ரகிள்' என்ற ஆங்கிலச் சொற்றொடரை 'மலையேறிய போராட்டம்' என்று எழுதியிருந்தான். நாங்கள் சிரித்துவிட்டோம். தமிழில் 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்றால் அது முடிந்துபோனது என்று பொருள். ஆங்கிலத்திலோ நேர்மாறு: போராட்டம் முடியவில்லை, ஒவ்வோர் அடியிலும் மேடு எதிர்த்து நிற்கிறது.

இச்சொற்றொடர் 'முடியாத காரியம்' என்று சொல்வதில்லை. மிகக் கடினம், ஆயினும் முயற்சி தொடர்கிறது என்பதே அதன் பொருள். 'ஸ்ட்ரகிள்' வரும் இடத்தில் 'பேட்டில்', 'டாஸ்க்' என்றும் வரும். கடன்பட்ட குடும்பம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப் பாடுபடுவதற்கு இது பொருந்தும். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்குப் பொருந்தாது. 'கோயிங் டவுன்ஹில்' என்பதோ சுகமாக இறங்குவதல்ல. நிலைமை சீர்கெட்டு வருவதாகும்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களாகிய நமக்கு இதன் பொருள் புதிதல்ல. 1887இல் பெரியாறு அணை வேலை தொடங்கியபோது கட்டுமானப் பொருள்கள் சமவெளியிலிருந்து மலைக்கு ஏற்றப்பட்டன. வெள்ளம் செய்த வேலையை அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளர் பலரைப் பலிகொண்டது. ஆயினும் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடர்ந்து, 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த வழியாக நம் வயல்களுக்கு வந்தது. நாம் பொங்கலிட்டுப் பென்னிகுயிக்கை நினைக்கிறோம். சுமை தூக்கி ஏறியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

இன்றும் விடியுமுன் கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். அந்த மாணவனின் தாயும் அவர்களில் ஒருவர். "எங்கம்மா தினமும்தான் மலையேறுறாங்க ஃபாதர், அது எப்ப முடியும்?" என்று அவன் கேட்டபோது எங்கள் சிரிப்பு நின்றது. பிற்பகலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் ஒருமுறையும் வந்ததில்லை. பிள்ளைமேல் அக்கறையில்லாதவர் என்று எங்களுக்குள் பேசியிருக்கிறோம்.

இச்சொற்றொடரின் சிறப்பு இதுவே: அது குறையை ஏறுபவர் மேல் சுமத்துவதில்லை, பாதை செங்குத்தானது என்று சொல்கிறது. வாழ்க்கையில் மூச்சு வாங்குபவரைக் காணும்போது, 'ஏன் மெதுவாக வருகிறாய்?' என்று கேட்குமுன் அவர் ஏறும் மேட்டைப் பார்ப்போம். அதில் ஓரடியையாவது நாம் குறைக்க முடியுமா என்று சிந்திப்போம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தை ஜீப்புகள் திரும்பிய பின் வைத்தோம். அந்தத் தாய் முதல் ஆளாக வந்து அமர்ந்திருந்தார்.