முள் காட்டும் கணக்கு

அருப்புக்கோட்டையைத் தாண்டி ரமணர் பிறந்த திருச்சுழி நோக்கிப் போனால் கரிசல் வெளியும் சீமைக்கருவேலங்காடும்தான். அங்கே பெட்ரோல் தீர்ந்து நின்றால் உச்சிவெயிலில் நடக்க வேண்டியதுதான். அதனால் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பது நல்லது.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800 போன்ற பழைய கார்களில் ஏற்பாடு எளிது. டேங்குக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற இறங்க அதுவும் ஏறி இறங்கும். அதன் கம்பி ஒரு மின்தடைப் பட்டையைத் தேய்த்து நகரும்போது, வயர் வழியே பாயும் மின்சாரம் கூடிக் குறைந்து முள்ளை நகர்த்துகிறது.

டேங்க் நிறைந்திருந்தும் முள் அடியிலேயே கிடக்கிறதா? மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் முள் துள்ளினால் அங்கே பட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். மற்ற மீட்டர்களும் சேர்ந்து செத்திருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். துருப்பிடித்த எர்த் வயரும் அடிக்கடி ஏமாற்றும். சுரண்டி இறுக்கினாலே சரியாகிவிடுவதுண்டு. இதைப் பார்க்காமல் மீட்டரையே மாற்றுவது வீண் செலவு.

டேங்கைத் திறக்கும் வேலை மட்டும் மெக்கானிக்குடையது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தவெளியில் செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள்.