மணிக்கட்டுக்குள் ஒரு கேமரா

"மாவுக்கட்டு போட்டா போதாதா டாக்டர்?" கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பலருக்குப் போதும். முறிவு மூட்டுக்குள் ஓடியிருந்தால்தான் சிக்கல். மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டர் மேடுபள்ளம் நின்றாலே பின்னாளில் தேய்மானம் வரலாம்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். குருத்தெலும்பையும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களையும் காட்டாது. அங்கேதான் ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழாய் உதவுகிறது. விரல்களில் வலையுறை மாட்டி, கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு இழுப்போம். மூட்டு சற்று விலகும். புறங்கைப் பக்கம் சிறு துளைகள் போட்டு, ஏறத்தாழ 2 முதல் 2.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயைச் செலுத்துவேன். உள்ளே உறைந்த இரத்தத்தைக் கழுவியதும் முறிவுக்கோடு திரையில் பெரிதாகத் தெரியும். தாழ்ந்த எலும்புத் துண்டை மெல்லிய கொக்கியால் நெம்பிச் சமன்செய்து, கம்பியாலோ பிளேட், ஸ்குரூவாலோ நிறுத்துவோம். சுண்டுவிரல் பக்க முக்கோணக் குருத்து கிழிந்திருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். அறுவை நேரமும் கூடும். அதனால் மூட்டு கலையாத எளிய முறிவுகளுக்கு நான் இதைச் சொல்வதில்லை. எந்தச் சிகிச்சையானாலும் ஒன்று கட்டாயம்: மருத்துவர் தடுக்காதவரை, முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள்.