வலைக்கு நடுவுல எதுக்கு இந்த ‘எக்ஸ்’?

தோட்டத்துல இந்தச் சிலந்தியைப் பார்த்திருப்பீங்க: வலைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற வெள்ளைப் பட்டை, ‘எக்ஸ்’ மாதிரி. அதுமேல கால்களை ரெண்டு ரெண்டா சேர்த்து வெச்சு உட்கார்ந்திருக்கும். பேரு ஆர்ஜியோப்பி.

வலைங்கிறது இரையோட கண்ணுக்குத் தெரியாம இருக்கணும். அப்புறம் ஏன் இந்தப் பளிச்?

வலைக்கு உறுதி தருதுன்னு நினைச்சுத்தான் முதல்ல ‘ஸ்டெபிலிமென்டம்’னு பேரு வெச்சாங்க. ஆனா பட்டை வலையில லேசாத்தான் ஒட்டியிருக்கு.

1983-ல ஐஸ்னர், நோவிக்கி ரெண்டு பேரும் சிலந்தி இல்லாத வலைகள்ல காகிதப் பட்டை ஒட்டிப் பார்த்தாங்க. பட்டை இருந்த வலைகள்தான் அதிகம் தப்பிச்சது. பறவைகள் பார்த்து விலகிடுது!

1999-ல பிளாக்லெட்ஜ், வென்சல் ஆய்வுல இன்னொண்ணு தெரிஞ்சது: பட்டை இருந்தா சிக்குற இரை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையுது. வேற சில ஆய்வுகள், பட்டை புற ஊதா ஒளியைப் பிரதிபலிச்சுப் பூச்சிகளை இழுக்குதுன்னு சொல்லுது. விவாதம் இன்னும் முடியல.

எனக்கு இது பேக்கப் மாதிரி தோணுது. தினமும் கொஞ்சம் செலவு. ஆனா ஒரே மோதல்ல மொத்த வலையும் போயிடாது. பகல் முழுக்க வலையிலேயே இருக்குற சிலந்திக்கு அது பெரிய விஷயம்.