இரைப்பை அறுவைக்குப் பின் இயல்பான உணவு எப்போது?

உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகக் கடன் கோரி வருவோர், மருத்துவமனை தந்த மதிப்பீட்டுத் தாளையும் உடன் கொண்டு வருவர். அறை வாடகை முதல் மயக்க மருந்து வரை அதில் இடம்பெற்றிருக்கும். அறுவைக்குப் பிந்தைய உணவைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. ஒரு மாதத்தில் பழைய தட்டுக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணுவோர் பலர்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் அகற்றப்படுகிறது. 'பைபாஸ்' முறையில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை அமைக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் தையல் ஆறும் வரை உணவு படிப்படியாகவே மாற வேண்டும். முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த சூப், பருப்புத் தண்ணீர் போன்றவை. பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பால், மோர் முதலிய நீர்ம உணவு. அதன்பின் மசித்த பருப்பும் தயிரும். அடுத்துக் குழைந்த கிச்சடி, பனீர், முட்டை. ஆறு முதல் எட்டு வாரங்கள் கடந்த பின்னரே திட உணவு. நாட்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று வேறுபடும். தம் மருத்துவர் தந்த அட்டவணையையே பின்பற்றுதல் வேண்டும்.

திட உணவு வந்த பின்னரே உண்மையான கணக்கு தொடங்குகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் 6 கிராம், 400 மில்லி பாலில் சுமார் 13, நூறு கிராம் பனீரில் சுமார் 18, ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 7. வணிகவியல் பயின்ற பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்: 44தான் வருகிறது! அரைக் கிண்ணத்திலேயே நிறைந்துவிடும் வயிற்றுக்கு இவ்வளவும் ஒரே நாளில் செல்வதே கடினம். மருத்துவர்கள் புரதப் பொடியை எழுதித் தருவதன் காரணம் இதுவே. எனவே தட்டில் புரதம் முதலில், காய்கறி அடுத்து, சோறும் சப்பாத்தியும் கடைசியில். நம் வீடுகளின் வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

உணவோடு தண்ணீர் அருந்தலாகாது. அரை மணி நேர இடைவெளி தேவை. நன்கு மென்று, மெதுவாக உண்ண வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர் குலாப் ஜாமூன் போன்ற இனிப்பை உண்டால், சிறிது நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஏற்படக்கூடும். விருந்தில் 'இன்னும் ஒன்று' என வற்புறுத்தும் உறவினருக்கும் இது தெரிந்திருப்பது நலம். வாந்தி நில்லாது தொடருமாயின் காத்திருத்தல் ஆகாது. பி1 உயிர்ச்சத்துக் குறைவால் நரம்புகள் பாதிக்கப்படக்கூடும். உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

பி12, இரும்பு, கால்சியம், டி உயிர்ச்சத்து ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்க நேரும். சைவ உணவினர் பி12 விஷயத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையும் உண்டு. எடை குறைந்து உடல் நலமாக இருக்கும்போதுதான் பலர் இவற்றை நிறுத்திவிடுகின்றனர். குறைபாடு மெல்ல வருவதால் உடனே தெரிவதில்லை.

இனிச் செலவு. பல நலக் காப்பீட்டுப் பத்திரங்களில் இந்த அறுவைக்கு நிபந்தனைகள் உள்ளன: வயது 18க்குக் குறையாதிருத்தல், உடல் நிறைச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல், கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு, கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்ற நோய்கள் இருப்பின் 35. எடை குறைக்கும் பிற வழிகள் பயன் தராதிருக்க வேண்டும் என்பதும் உண்டு. மருத்துவமனையை விட்டு வந்த பின் ஆகும் செலவைப் பத்திரம் சில நாட்களுக்கே ஏற்கும். புரதப் பொடியும் ஆயுள்கால மாத்திரைகளும் பெரும்பாலும் நம் பொறுப்பே. ஆதலால் கடன் தவணையை முடிவு செய்யும் முன், மாதாந்திர மாத்திரை, புரதப் பொடி, பரிசோதனை ஆகியவற்றின் உத்தேசத் தொகையை மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டு எழுதி வாருங்கள். தவணைத் தொகையை அதற்கேற்ப அமைக்கக் கிளை அலுவலர் உதவுவார்.