காலம் வைத்த தேர்வில் மூன்று படங்கள்

‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்ற சொற்களைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். 18 வயது நிரம்பியவரை வயது வந்தவர் என்கிறது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம். வயதோடு மனமும் முதிர்ந்தவர்க்கென எடுக்கப்பட்ட படங்கள் தமிழில் உண்டு. அவற்றுள் மூன்றை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அவற்றில் எது நரைத்தது, எது நரைக்கவில்லை என்பதை இங்கே காண்போம்.

முதலாவது, கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ (1973). வறுமையில் வாடும் புரோகிதர் வீட்டின் மூத்த மகள் லலிதாவாகப் பிரமீளா நடித்தார். லலிதா தன் உடலை விற்று வீட்டைக் காப்பாற்றுகிறாள். பணம் வந்தவரை அதன் வழியைக் கேளாத வீடு, உண்மை தெரிந்ததும் அவளை ஒதுக்குகிறது. முடிவில் அவளுக்குப் பித்துப் பிடிக்கிறது. உரத்த வசனங்களும், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமும், அந்தப் பித்தும் இன்று பழையனவாகிவிட்டன. அந்தத் தண்டனை இல்லாமல் அன்று இக்கதையைச் சொல்லியிருக்க முடியுமா என்பதும் எண்ணத்தக்கதே. ஆனால் மகளின் சம்பாத்தியத்தில் உண்டுகொண்டே அவள் ஒழுக்கத்தை எடைபோடும் வீடு இருக்கிறதே, அது பழையதாகிவிட்டதா?

இரண்டாவது, ஏ. பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977). சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ஜெயகாந்தனின் நாவலே இப்படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. மழைநாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறிய மாணவியின் கதை இது. படத்தில் பேச்சு மிகுதி. பல காட்சிகள் மேடை நாடகத்தை நினைவூட்டுகின்றன. ஆயினும் அந்த மாமா பாத்திரம் இன்றும் நம்மை நடுங்க வைக்கிறது. ஆதரவு தந்து படிக்க வைத்தவரே அவளிடம் அத்துமீறப் பார்க்கிறார். ‘கெட்டுப்போனவள்’ என்று பிறர் சூட்டிய பெயரே அவருக்குத் துணிச்சல் தருகிறது.

மூன்றாவது, ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருண் (கமல்ஹாசன்) பண்பானவன்; முற்போக்காகப் பேசுபவன். ஆனால் மஞ்சுவின் (ஸ்ரீபிரியா) நேரான பேச்சு அவனைத் திகைக்க வைக்கிறது. அவன் வேறொரு பெண்ணை மணந்து திரும்புகிறான். மஞ்சு காரிலிருந்து இறங்கி வீதியில் தனியே நிற்கிறாள். படம் அவளைத் தண்டிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. மூன்றனுள் இதுவே இளமை குன்றாதது என்பேன்.

ஆக, பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்ல விரைந்த இடங்களில் இப்படங்களுக்கு வயதாகிவிட்டது. அவளைச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று காட்டிய இடங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

நம் வகுப்புத் தோழியர் பலர் நாளை வேலைக்குச் சென்று தத்தம் வீட்டைத் தாங்கப் போகிறவர்கள். லலிதாவும் கங்காவும் மஞ்சுவும் அவர்களுக்கு அந்நியர் அல்லர். மாணவ நண்பர்களே, இப்படங்களை ஒருமுறை பாருங்கள். பார்க்கும்போது அவளை மட்டுமின்றி, அவளைச் சுற்றி நிற்கும் நம்மையும் பாருங்கள்.